கல்யாண ரூமும் உன் தம்பியும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. ஆமாம் கண்ணு, அப்பாதான். யாரையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுத வைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விருந்தாளி மாதிரி வருவதும் போவதுமாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் தாளை எடுத்தேன். உறையைப் பிரித்ததும் என் எழுத்தைப் பார்த்து நீ சிரிப்பாய். சிரித்துக்கொள், நானே சிரித்தேன். கால் கொம்பு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நெரிசல் பஸ்ஸில் தொங்குகிற ஆட்கள் மாதிரி இருக்கிறது. உன் அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு, உங்கப்பா எழுதறதைப் பாரு, பைப்புக்கு மரை போடற மாதிரி பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதறாரு, ஒரு வரி முடியறதுக்குள்ள டீ ஆறிப்போகுது என்கிறாள். அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் வருத்தமும் உண்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து பஸ் போர்டும் கடைப் பெயரும் எனக்குப் படித்துச் சொன்னவள் அவள்தானே, இப்போது அந்த அதிகாரம் போய்விட்டது. போன வாரம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு போர்டாக வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன், கொஞ்சம் வாயை மூடிட்டு வாங்க, எல்லாரும் பாக்கறாங்க என்று கிள்ளினாள். பார்க்கட்டுமே. நான் வருஷக்கணக்காகக் குழாய் ரிப்பேர் பார்த்த அந்தப் பெரிய கட்டடம் இன்சூரன்ஸ் ஆபீஸாம், நான் தபால் ஆபீஸ் என்றே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன், யாருமே தபால் போட வருவதில்லையே என்று யோசித்ததும் உண்டு.

யார் பேசுகிறார்கள் என்று காட்ட மேலே இரண்டு கொசு உட்கார்ந்த மாதிரி குறி போட வேண்டுமாம், அது எனக்கு இன்னும் கைவரவில்லை, அதனால் என்றான் என்றாள் என்று வருகிற இடத்தைப் பார்த்து நீயே புரிந்துகொள். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீடு உனக்குத் தெரியும், இந்த அறையில் இருமினால் அந்த அறையில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கும். நான் போனில் உன்னிடம் உன் தம்பியைப் பற்றிப் பேசினால் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் படுத்துக்கொண்டு கேட்பான். ஒரு மனிதனை வைத்துக்கொண்டே அவனைப் பற்றிக் கிசுகிசு பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை, எழுதினால் சத்தம் இல்லை பார்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஊரில் தம்பி தங்குவதற்கு ஒரு விடுதி பார்த்து வைத்திருக்கிறாய், உன் வீட்டிலிருந்து பக்கம், அறைகள் சுத்தம், தோட்டம் இருக்கிறது, டாக்டர் அங்கேயே இருக்கிறார், மாதக் கடைசிக்குள் சொன்னால்தான் இடத்தை நிறுத்தி வைப்பார்கள் என்று சொன்னாய். அப்பா, நீங்களும் அம்மாவும் இன்னும் எத்தனை காலம் இப்படியே பார்த்துக்கொள்ள முடியும் என்று கேட்டபோது உன் குரல் உடைந்தது, நான் அதைக் கேட்டும் கேட்காத மாதிரி தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசினேன். நீ கேட்டது தப்பே இல்லை கண்ணு. சித்தப்பா உனக்குப் போன் போட்டு, தம்பி பிளாக் முழுக்கத் தண்ணியை நிறுத்திட்டு ஸ்பானரோட உட்கார்ந்திருக்கான், ஆளுங்க போலீசைக் கூப்பிடப் போறாங்க என்று சொன்னால் எந்த அக்காதான் சும்மா இருப்பாள். ஆனால் சித்தப்பா பார்த்தது பாதிதான். பாதியில் பயந்து பஸ் ஏறிவிட்டார். மீதியை நான் எழுதுகிறேன், கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும்.

நம் பிளாக்கில் கீழ்த்தளத்தில் உடைந்த நாற்காலி போட்டு வைத்திருந்த ஒரு அறை இருந்ததே, மாடிப்படிக்குப் பக்கத்தில், அதைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா கேட்டு வாங்கித் திங்கட்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம் நடத்துகிறார். மனம் சரியில்லாதவர்கள், அவர்களுடைய வீட்டு ஆட்கள், சும்மா வந்து உட்காருகிறவர்கள், எல்லாரும் வரலாம். வட்டமாக நாற்காலி, நடுவில் டீ. விருப்பம் இருந்தால் பேசலாம், இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டுப் போகலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு, ஒருவரைப் பற்றிப் பேசுவதானால் அவர் அந்த இடத்தில் இருக்கும்போதுதான் பேச வேண்டும். பிளாக் செயலாளருக்கு ஆரம்பத்திலிருந்தே இது பிடிக்கவில்லை, ஏங்க, குடும்பங்கள் இருக்கிற இடத்துல இதெல்லாம் தேவையா என்று என்னை வழிமறித்துக் கேட்டார். நானும் ஒரு குடும்பம்தான் சார் என்றேன். உன் தம்பி முதலில் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவான், பிறகு வாசல் ஓரத்து நாற்காலி வரைக்கும் வந்தான், இப்போது டீ ஊற்றுகிற வேலை அவனுடையது.

அங்கேதான் வாத்தியாரைப் பழக்கம். நிஜமாகவே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்து வேலையை விட்டவர். எனக்குள்ள ஒரு ரேடியோ ஓடுது குழாய்க்காரரே, அணைக்கிற ஸ்விட்ச் கிடையாது, சத்தத்தைக் குறைக்கிற திருகு மட்டும்தான் இருக்கு, அந்தத் திருகுதான் மாத்திரை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒருநாள் நர்ஸம்மா ஒரு தாளைக் கொடுத்து என்னை வாசிக்கச் சொன்னார். கண்ணாடி கொண்டுவரலம்மா என்றேன், எப்போதும் சொல்கிற சாக்குதான். வாத்தியார் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். மாட்டிப் பார்த்துவிட்டு உங்க பவர் எனக்குச் சேரலையே சார் என்றேன். அதுல பவரே இல்லைங்க, தூசிக்குப் போடற வெறும் கண்ணாடி என்றார். எல்லாரும் சிரிக்க நானும் சிரித்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் அவர் என் பக்கத்தில் வந்து, ரொம்ப நாளா பாடம் நடத்தாம நாக்கு துருப்பிடிச்சுக் கிடக்கு, நீங்க வந்து உட்கார்ந்தா எனக்கு உபகாரம் என்றார். எனக்கு உபகாரம் என்று அவர் சொன்ன அழகைப் பார். அப்படித்தான் அப்பா அ ஆ போட்டது.

எழுத்து வந்த கொழுப்பில் நான் செய்த காரியத்தைக் கேள். புதிதாக வருகிறவர்கள் எந்த அறை என்று தெரியாமல் மேல் வீட்டுக் கதவை எல்லாம் தட்டுகிறார்கள் என்று ஒரு பலகை எழுதி மாட்ட முடிவானது. வாத்தியார் அப்போது மருந்து மாற்றுவதற்காக ஆஸ்பத்திரியில் இருந்தார், நர்ஸம்மா விடுப்பு. நான் எழுதறேன் என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன். பைப்புக்கு அடித்து மீந்த சிவப்புப் பெயின்ட், உன் தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டான், நான் நிதானமாக அழகாக எழுதினேன். மணநலக் கூட்டம், திங்கள் மாலை, அனைவரும் வருக. இரண்டு சுழி போட வேண்டிய இடத்தில் கை தாராளமாக மூன்று சுழி போட்டுவிட்டது. மனம் மணமாகிவிட்டது கண்ணு. உன் தம்பிக்கு அது தெரிந்திருக்கிறது. ஏண்டா சொல்லலை என்று பிறகு கேட்டால், நல்லாதானேப்பா இருந்துச்சு என்கிறான்.

அந்தத் திங்கட்கிழமை தெருமுனையில் சலவைக்கடை நடத்துகிற அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, கைப்பையில் மகள் போட்டோவோடு வந்து உட்கார்ந்தார். வரன் பார்த்துக் கொடுக்கிற இடம் என்று நினைத்துவிட்டார். நாங்களும் யாரோ புதிதாக மனக்கஷ்டத்தோடு வந்திருக்கிறார் என்று நினைத்து மரியாதையாக டீ கொடுத்தோம். வழக்கம்போல ஒவ்வொருவராகத் தங்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு இளைஞன் எனக்கு ராத்திரி தூக்கம் வர்றதில்லை, மருந்து சாப்பிடறேன், இப்போ பரவால்ல என்றான். இன்னொருவர் எனக்குத் திடீர்னு நெஞ்சு படபடங்கும், கூட்டத்துல நிக்க முடியாது என்றார். அந்த அம்மா ஒவ்வொருவரையும் மேலும் கீழும் பார்த்துக்கொண்டே இருந்தார். உன் தம்பி முறை வந்தது, அவன் தலையைக் குனிந்துகொண்டு, நான் வீட்டை விட்டு ரொம்ப வெளிய போனதில்லைங்க என்றான். அந்த அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. நான் எத்தனையோ இடத்துல மாப்பிள்ளை பார்த்திருக்கேன், எல்லாரும் நல்லதை மட்டும்தான் சொல்லுவாங்க, இப்படிக் குறையை முதல்ல சொல்ற மாப்பிள்ளைங்களை இன்னிக்குத்தான் பாக்கறேன், சரி தம்பி, சம்பளம் எவ்வளவு என்றாரே பார்க்கலாம். பிறகு விஷயம் புரிந்து சிரித்த சிரிப்பில் டீ கொட்டிப்போனது. உன் தம்பி சிரித்தான் கண்ணு. அவன் சத்தம் போட்டுச் சிரித்து எனக்கு மறந்தே போயிருந்தது, யாருடைய சிரிப்பு இது என்று திரும்பிப் பார்த்தேன், அப்படி இருந்தது.

அந்த அம்மா கோபித்துக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். எழுந்தார், பையை மாட்டினார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். வந்தது வந்துட்டேன், நானும் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், வீட்டுக்காரர் போனதிலேர்ந்து எனக்கும்தான் தூக்கமில்லை, பொண்ணுக்குக் கல்யாணம் ஆனா வீட்ல யாரு இருக்கான்னு நினைச்சா மூச்சு முட்டுது, இதை எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன் என்றார். அன்றைக்கு அதிக நேரம் பேசியவர் அவர்தான். வாத்தியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பலகையைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரே ஒரு சுழி, அதை வச்சு ஆள் சேர்த்துட்டீங்களே என்றார். ஆனாலும் பிழை பிழைதான் என்று அன்றைக்கே தூரிகை எடுத்துத் திருத்திவிட்டார், அதில் ரொம்பக் கறார். பலகையைத் திருத்தலாம், ஜனங்கள் வாயைத் திருத்த முடியுமா. பிளாக்கில் எல்லாரும் அதைக் கல்யாண ரூம் என்றே கூப்பிடுகிறார்கள். அதிலும் ஒரு நன்மை பார், மனசு சரியில்லை, கூட்டத்துக்குப் போறேன் என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்கூட, கல்யாண ரூம் வரைக்கும் போய்ட்டு வரேன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டு வருகிறார்கள்.

சலவைக்கடை அம்மாதான் உன் தம்பிக்கு வேலை கொடுத்தது. காலையில் துணி மடிக்கிற வேலை. மடிக்க வர்றவங்க எல்லாம் வாயால மடிக்கிறாங்க, இவன் கையால மடிப்பான் போலிருக்கே, அனுப்புங்க என்றார். அவன் மடித்த சட்டையை நீ பார்க்க வேண்டும், கடையில் புதிதாக வாங்கியது மாதிரி இருக்கும். ஒரே நேரத்தில் நாலைந்து பேர் வந்து எனக்கு முதல்ல, எனக்கு முதல்ல என்று நின்றால் அவனுக்குத் தாங்காது. அதற்காக அந்த அம்மா இஸ்திரி மேசைக்குப் பின்னால் ஒரு திரை கட்டி உள்ளே முக்காலி போட்டிருக்கிறார். முடியலைன்னா உள்ள போய் உக்காந்துக்கோ, என்கிட்ட சொல்லணும்னு இல்லை, வெளிய வரும்போது வா என்று முதல் நாளே சொல்லிவிட்டாராம். சில நேரம் அந்த அம்மாவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறார் என்று இவன் சொல்லுகிறான்.

இப்போது அந்தத் தண்ணீர் விஷயம். மாத்திரை சாப்பிட்டால் கை மெதுவாகிறது, வேகமாக மடிக்க முடியவில்லை என்று எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். வேலைக்குப் போக ஆசைப்பட்டு நிறுத்தினான், அதைக் கவனி, விளையாட்டுக்கு இல்லை. தூக்கம் போனது, சுவரில் போகிற குழாயில் யாரோ பேசுகிறார்கள், தண்ணீரில் என்னவோ கலக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் காலையில் மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மெயின் வால்வை மூடிவிட்டு அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். மடியில் என் பெரிய ஸ்பானர். யாரையும் அடிக்க இல்லை கண்ணு, வால்வு திருக அதுதானே வேண்டும். நான்கு மாடியிலும் தண்ணீர் நின்றது, ஆளுக்கொரு வாளியோடு இறங்கி வந்துவிட்டார்கள், ஒருவர் போலீஸ் என்கிறார், ஒருவர் கையைக் கட்டுங்க என்கிறார். இந்த இடத்தில்தான் சித்தப்பா பஸ் ஏறியது. நான் என் தொழில் தெரிந்த திமிரில் அவன் முன்னால் குந்தி, டேய் குழாய்க்குள்ள காத்து புகுந்தா டொக்கு டொக்குனு தட்டும், அதுதான் உனக்குப் பேச்சு மாதிரி கேக்குது என்று விளக்கினேன். அவன் என்னைப் பார்த்து, உங்களுக்குக் குழாய் தெரியும்ப்பா, உள்ள பேசறது தெரியாது என்றான்.

சலவைக்கடை அம்மா வாத்தியாருக்கும் நர்ஸம்மாவுக்கும் போன் போட்டுவிட்டு ஓடி வந்து கூட்டத்தை விலக்கினார். என்ன டிக்கெட் வாங்கியா வந்திருக்கீங்க, வாளியை வச்சுட்டு மேல போங்க, தண்ணி வந்தா கூப்பிடறோம் என்று ஒரு சத்தம். அடுத்த தெருவிலிருந்து வாத்தியார் மூச்சு வாங்க வந்து அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். எனக்கும் கேக்குதுப்பா, ஆனா எனக்குள்ள பேசறது வேற ஆளு, உனக்கு யாரு என்று கேட்டார், டீ சாப்பிட்டியா என்று கேட்கிற குரலில். பேர் சொல்ல மாட்டேங்கறாங்க சார் என்றான் இவன். எனக்கும் அப்படித்தான், மரியாதை தெரியாத ஜென்மங்க என்றார் அவர். இவன் தோள் கொஞ்சம் இறங்கியது.

அப்போது மேலேயிருந்து செயலாளர் வந்தார் பார், இடுப்பில் துண்டு, தலை முழுக்கச் சோப்பு நுரை, ஒரு கண் மூடி இருக்கிறது. பாதிக் குளியலில் தண்ணீர் நின்றிருக்கிறது மனிதருக்கு. என்னைப் பார்த்து, உங்க பையன்கிட்ட சொல்லுங்க, எனக்கு ஆபீஸ் இருக்கு என்று கத்தினார். வாத்தியார் திரும்பாமலே, அவன் இங்கதானே உக்காந்திருக்கான், அவன்கிட்டயே சொல்லுங்க சார் என்றார். இத்தனை வருஷத்தில் செயலாளர் இவனோடு ஒரு வார்த்தை பேசினது கிடையாது, எல்லாம் என்னிடமும் அம்மாவிடமும்தான். பிறகு குனிந்து, தம்பி, சோப்புப் போட்டுட்டு நிக்கறேன்ப்பா, கண்ணு எரியுது என்றார். உன் தம்பி நிமிர்ந்து அவரைப் பார்த்தான். ஐயையோ, ரொம்ப எரியுதா சார் என்றான். ரொம்ப எரியுதுப்பா என்றார். இவன் கொஞ்சம் யோசித்தான். தண்ணில கலந்திருக்கு சார், முழுசா திறக்க மாட்டேன், பாதி திறக்கறேன், சீக்கிரம் கழுவிட்டு வந்துருங்க என்று எழுந்து ஸ்பானரைப் போட்டுத் திருகிவிட்டான். செயலாளர் மாடிப்படியில் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நர்ஸம்மா வந்ததும் அவரோடும் வாத்தியாரோடும் தன் காலால் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனான். கை மெதுவாகிறது என்று டாக்டரிடம் அவனே சொன்னான், அவர் வேறு மாத்திரை கொடுத்தார், சில நாள் அங்கேயே தங்கி வந்தான். திரும்பி வந்த முதல் நாளே கடைக்குப் போக வேண்டும் என்றான், அந்த அம்மா, இரு இரு, உன் முக்காலி எங்கயும் ஓடிப்போகாது, நல்லா தூங்கிட்டு வா என்று அனுப்பிவிட்டார். செயலாளர் ஒன்றும் மகானாகிவிடவில்லை, இப்போதும் நாற்காலியைச் சரியாக அடுக்கவில்லை என்று திங்கட்கிழமைதோறும் புகார்தான். ஆனால் மாடிப்படியில் உன் தம்பியைப் பார்த்தால் நின்று, என்னப்பா, இன்னிக்குக் குளிக்கலாமா என்று கேட்கிறார். தாராளமா குளிங்க சார் என்கிறான் இவன். இப்போது அவனுக்குக் குணமாகிவிட்டது. அதனால் அந்த விடுதி வேண்டாம், இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு.

இதுவரைக்கும் எழுதி முடிக்கவே எனக்குப் பல நாள் ஆனது கண்ணு. சந்தேகம் வருகிற சொல்லை மட்டும் துண்டுத் தாளில் எழுதிப் போய் வாத்தியாரிடம் சரியா என்று கேட்டுக்கொள்வேன், கடிதத்தைக் காட்டுவதில்லை. ஒருநாள் ஜன்னல், பேத்தி என்று இருக்கும், ஒருநாள் ஆஸ்பத்திரி. நேற்று நான் கொண்டுபோன சொற்கள் விடுதி, குணம், வேண்டாம். குணத்தில் எத்தனை சுழி என்று எனக்குக் குழப்பம். அவர் திருத்திக் கொடுத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இது தம்பியைப் பத்தின லெட்டரா என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் இல்லாத இடத்துல அவனைப் பத்தி இவ்வளவு எழுதிட்டீங்களா, குழாய்க்காரரே, அவனுக்குப் படிச்சுக் காட்டினீங்களா என்றார். சத்தம் போட்டுப் பேசினால்தான் தப்பு, எழுதினால் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

அதனால் இன்றைக்கு மத்தியானம் அவனை உட்காரவைத்து முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினேன். என் படிப்பு உனக்குத் தெரியாது, ஒவ்வொரு எழுத்தாக மிதித்து ஏற வேண்டும், அவன் பொறுமையாகக் கேட்டான், வீட்டுத் துணியை மடித்துக்கொண்டே கேட்டான். மாப்பிள்ளை கதையில் சிரித்தான். தண்ணீர் கதையில் கை நின்றது, ஆனால் எழுதினது சரிதான் என்றான். குணமாகிவிட்டது என்கிற இடம் வந்ததும், அதை அடிங்கப்பா, குணமெல்லாம் ஆகலை, இதோட இருக்கப் பழகிட்டு வரேன்னு எழுதுங்க என்றான். அடித்துவிட்டேன், கோடு மெல்லிசாக இருப்பதால் அடியில் உள்ளது உனக்குத் தெரியும். தெரிஞ்சா பரவால்ல, அப்பா ஆசைப்பட்டு எழுதியிருக்கார்னு அக்கா புரிஞ்சுக்குவா என்றான். பிறகு விடுதி வேண்டாம் என்ற வரியைப் படித்தேன். அவன் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டான். அக்கா வேணுங்கறா, நீங்க வேண்டாங்கறீங்க, அம்மா அழறாங்க, போறவன் நான்தானே, என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா என்று கத்தினான். கத்திவிட்டுக் குளியலறைக் கதவைப் படார் என்று சாத்திக்கொண்டான், சுண்ணாம்பு உதிர்ந்தது.

அம்மா பயந்து அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் அவளைப் பிடித்து உட்காரவைத்தேன். பயப்படாதடி, இது அந்தச் சத்தம் இல்லை, இது புள்ளைங்க அப்பன்கிட்ட போடற சண்டை என்றேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதுக்கு ஏன் இப்படி பல்லைக் காட்டறீங்க என்றாள். எப்படிச் சொல்லுவேன். பத்தொன்பது வயதில் நீ என்னோடு கதவைச் சாத்திச் சண்டை போட்டாயே, நான் விரும்பற படிப்பை நீங்க எப்படி முடிவு பண்ணலாம் என்று, அந்தச் சண்டை அந்த வயதில் இவனுக்குக் கிடைக்கவே இல்லை. நாம் எல்லாரும் இவனிடம் மெதுவாகப் பேசி, மெதுவாகவே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டோம். இன்றைக்குத்தான் எனக்கு அவன் சண்டை வந்து சேர்ந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை கண்ணு, கூடவே பயமும். அவன் உன் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வோம் என்று அந்தக் கதவு சாத்தியிருந்தபோது நினைத்தேன். இதுவரைக்கும் அவனுக்காகத்தான் வேண்டாம் என்று எழுதுகிறேன் என்று நினைத்திருந்தேன், எனக்காகவும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன்.

அவன் வெளியே வந்தான், முகம் கழுவியிருந்தான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அக்காவைப் போன் பண்ணச் சொல்லுங்க, எனக்குப் பண்ணச் சொல்லுங்க, ஸ்பீக்கர்ல போடக் கூடாது என்றான். என்னடா சொல்லப்போற என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். ஆகவே விடுதியைப் பற்றி நான் மேலே எழுதினதை என் பதிலாக எடுத்துக்கொள்ளாதே, பதில் என்னிடம் இல்லை. அந்த இடத்தைப் பற்றி உனக்குத் தெரிந்ததை எல்லாம் அவனிடம் சொல், அறை எப்படி, கூட யார் இருப்பார்கள், வெளியே போகலாமா, வேலை உண்டா, பிடிக்காவிட்டால் திரும்பி வரலாமா, எல்லாம். அவன் கேட்பான், கேள்வி கேட்பதில் அவன் உன்னைவிட ஆள். ஒன்று மட்டும் சொல்கிறேன், எடுத்த எடுப்பில் மாத்திரை போட்டியா என்று ஆரம்பிக்காதே, நம் எல்லாருக்கும் அது பழக்கமாகிவிட்டது. வேறு யாரையாவது கூப்பிட்டால் எப்படி ஆரம்பிப்பாயோ அப்படி ஆரம்பி, பேத்தி பண்ணுகிற சேட்டையைச் சொல், அவனுக்குப் பிடிக்கும். நீயும் தூங்குகிறாயா கண்ணு? இவனைப் பற்றிய கவலையைச் சின்ன வயதிலிருந்து பள்ளிக்கூடப் பை மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டே திரிகிறாய். உன் ஊரிலும் திங்கட்கிழமை டீ கொடுக்கிற அறை ஏதாவது இருக்கும், விசாரித்துப் பார், அக்காக்களும் வரலாம். நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே, மாப்பிள்ளையிடம் வண்டியை நிதானமாக ஓட்டச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசுகிற நேரம் நானும் அம்மாவும் கீழே இறங்கி நடக்கப் போய்விடுவோம், பேசி முடிக்கிற வரைக்கும் ஏறி வர மாட்டோம். அவன் வருகிறேன் என்றால் சொல்லு, பெட்டியை நான் இறுக்கிக் கட்டித் தருகிறேன், அவன் துணியை எப்படியும் அவனே மடித்துக்கொள்வான். வரவில்லை என்றால் உனக்குக் கோபம் வரும், வந்தால் அடக்காதே, சண்டை போடு. அவனும் போடுவான். அக்காவும் தம்பியும் சண்டை போட்டு எத்தனை காலமாகிவிட்டது.

நீ, மாப்பிள்ளை, என் பேத்தி மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க அப்பாவும் அம்மாவும் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். மறக்காதே, ஞாயிறு சாயங்காலம், அவன் போனுக்கு.

இப்படிக்கு,
உன் தம்பிக்கு முழுவதும் படித்துக் காட்டி, அவன் சரி என்று சொன்ன பிறகு உறையை ஒட்டுகிற
உன் அப்பா